ரோபோ வக்யூம் நடுஹோலில நிக்குது, பற்றரி மாத்தோணுமா?

கேள்வி: அக்கா, நாங்க வெள்ளவத்தையில கடல்பக்க லேன் ஒண்டில, அஞ்சாம் மாடி ஃப்ளெட்ல இருக்கிறம். ஒண்டரை வருஷத்துக்கு முதல் வாங்கின ரோபோ வக்யூம், ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஓடினது, இப்ப பதினைஞ்சு நிமிஷத்தில நடுஹோலில நிண்டுடுது. சார்ஜருக்குத் தானாப் போறதும் இல்ல. கடையில கேட்டா பாக்காமலே பற்றரி பழுதாப்போச்சு, மாத்த 28,000 ரூபா எண்டு சொல்றாங்கள். வாரண்டியும் முடிஞ்சுது. மாத்தவா, புதுசு வாங்கவா?

பதில்: தம்பி, அந்தக் காசைக் குடுக்கிறதுக்கு முதல் ஒரு சின்னக் கத்தரிக்கோலும் ஒரு அழிறப்பரும் எடுத்துக்கொண்டு அதுக்குப் பக்கத்தில இருங்கோ. மெஷினை ஓஃப் பண்ணிப்போட்டுப் பிரட்டிப் பாருங்கோ.

அடியில ரெண்டு சின்ன உலோகத் தகடு இருக்கும், சார்ஜ் ஏறுறது அதாலதான். கடல்பக்க வீடு எண்டா ஜன்னல் கிரில்லே கறள் பிடிக்குது, இது மட்டும் தப்புமோ, உப்புக்காத்தில மங்கிப்போய் ஒரு படலம் பிடிச்சா கரண்ட் சரியா ஏறாது, ராத்திரி முழுக்க சார்ஜில கிடந்தும் அரைகுறையாத்தான் இருக்கும். தகட்டையும் டொக்கில, அதுதான் மெஷின் போய் நிண்டு சார்ஜ் ஏறுற தட்டில, இருக்கிற தகட்டையும் அழிறப்பரால மெதுவாத் தேய்ச்சு காய்ஞ்ச துணியால துடையுங்கோ. டொக்கின்ர பிளக்கைக் கழட்டிப்போட்டுச் செய்யோணும், ஈரத்துணி வேண்டாம்.

அடுத்தது தலைமயிர். நடு பிரஷ்ஷைக் கழட்டினா சுத்தி இருக்கிறது எல்லாருக்கும் தெரியும், ஆனா ரெண்டு நுனியிலயும் மூடி மாதிரி இருக்கிற இடத்துக்குள்ள இறுகிப்போய்க் கிடக்கிறதை ஒருத்தரும் பாக்கிறேல்ல. முன் சின்னச் சில்லையும் இழுத்தா கழண்டு வரும், அந்த அச்சிலயும் இருக்கும். எங்கட வீட்டுச் சில்லுக்குள்ள இருந்து வந்ததைப் பாத்து எனக்கே அருவருப்பாப் போச்சு. இப்பிடி இறுகினா மோட்டர் கூட கரண்ட் இழுக்கும், பற்றரி கெதியா இறங்கும், பழி முழுக்க பற்றரியின்ர தலையில.

இப்ப கோவிக்காம ஒண்டு கேக்கிறன், வீட்டில அம்மா படுக்கப் போகேக்க சுவரில இருக்கிற பிளக் ஸ்விட்சுகளை ஒவ்வொண்டா ஓஃப் பண்ணுறவவோ? டொக்குக்குக் கரண்ட் இல்லாட்டி சார்ஜ் ஏறாது எண்டது ஒரு பக்கம், அது விடுற இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்) சிக்னலும் நிண்டுடும், சிக்னல் இல்லாட்டி மெஷினுக்கு வழி தெரியாமச் சுத்திக்கொண்டு நிக்கும். சும்மா இருக்கேக்க ஒரு டொக் இழுக்கிறது சில வாட்தான், மாசத்துக்கு ரெண்டு மூண்டு யூனிட் வரும், அதை அம்மாவுக்குச் சொல்லுங்கோ. டொக்கில நேர வெயில் விழுந்தாலும் சிக்னல் குழம்பும், பின்னேர வெயில் வாற பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில வைக்க வேண்டாம்.

பில்டரைத் தட்டித்தான் சுத்தம் செய்யோணும், கழுவலாம் எண்டு புத்தகத்தில போட்டிருந்தா மட்டும் கழுவி, ஒரு முழுநாள் காயவிடுங்கோ. இஞ்ச இருக்கிற ஈரக்காத்துக்கு ரெண்டு நாள் விட்டாலும் நல்லது. சாமி அறையில சிந்தின விபூதி, ஊதுபத்திச் சாம்பல் இதுகளை அதால எடுக்காதைங்கோ. அந்த நைஸ் தூள் பில்டரை அடைச்சுப்போடும். அதுக்குத் தும்புத்தடி இருக்குதானே.

இவ்வளவும் செய்து ராத்திரி முழுக்க சார்ஜ் பண்ணி ஓடவிட்டும் பழைய நேரத்தில அரைவாசியும் வரேல்ல எண்டா அப்ப பற்றரிதான். பழைய பற்றரியில போட்டிருக்கிற வோல்ட் எத்தனை எண்டு பாத்து (கனதுக்கு 14.4) அதே வோல்ட், அதே பிளக்கா வாங்குங்கோ. பழசு ஊதியிருந்தா ஒரு நாளும் திருப்பி சார்ஜ் பண்ணாதைங்கோ.

கேள்வி: தெஹிவளையில இருந்து எழுதுறன். எங்கட மெஷின் கறுப்புக் கார்ப்பெட்டுக்குக் கிட்டப் போய்ப் பின்வாங்குது. பழுதோ?

பதில்: பழுதில்ல, பயம். அடியில இருக்கிற சென்சர் நிலத்துக்கு வெளிச்சம் அடிச்சு அது திரும்பி வருதா எண்டு பாக்கும், கறுப்பு அதை விழுங்கிப்போடும், உடனே படிக்கட்டு எண்டு நினைச்சு நிக்கும். முதல் சென்சரை காய்ஞ்ச துணியால துடைச்சுப் பாருங்கோ. சிலபேர் அதில டேப் ஒட்டுறவை, ஃப்ளெட்டுக்குள்ள ஒரு படியும் இல்லாட்டி சரி, மாடிவீடு எண்டா அடுத்த நாள் கீழதான் பொறுக்கோணும்.

கேள்வி: புதுசா ஒண்டு வாங்க யோசிக்கிறன், என்ன பாக்கோணும்?

பதில்: உறிஞ்சுற பவரை விட்டிட்டு, சைட் பிரஷ், பில்டர், பற்றரி இப்ப கடையில இருக்கா எண்டு கேளுங்கோ. ஓடர் பண்ணித் தாறம் எண்டா நான் வாங்கமாட்டன், சைட் பிரஷ் வருஷத்துக்கு ரெண்டு தரமாவது மாத்தவேண்டி வரும். வைஃபை கனக்க மொடலில 2.4 கிகாஹெர்ட்ஸ் எண்ட அலைவரிசையைத்தான் எடுக்கும், வீட்டு ரவுட்டரில அது ஓனா இருக்கா எண்டு பாருங்கோ. பில்லையும் சீல் அடிச்ச வாரண்டி கார்ட்டையும் வாங்கி ஃபோனில படம் எடுத்து வையுங்கோ, கார்ட்டில இருக்கிறதை கடை செய்யமாட்டன் எண்டு நிண்டா பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977க்கு அடிக்கேக்க முதல் கேக்கிறதே அந்தப் பில்லைத்தான்.