காமாவின் பெயரில் ஒரு வெள்ளிக்காசு: டெல்டா வாசகர்களுக்குப் பதில்கள்

நாகப்பட்டினம் வாசகர்: தாத்தாவின் இரும்புப் பெட்டியில் கனமான வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தது. ஒருபுறம் அரசனும் அரசியும், மறுபுறம் சிலுவை. 1498, 1898 என்று இரண்டு ஆண்டுகள். வாஸ்கோ ட காமா கப்பலில் வந்த காசா?

இல்லை. காமா இந்தியக் கரையைத் தொட்டு 400 ஆண்டுகள் ஆனதற்காகப் போர்த்துக்கல் 1898-இல் வெளியிட்ட நினைவு நாணயம் இது. முகங்கள் மன்னர் முதலாம் கார்லோஸும் அரசி அமேலியாவும். 200, 500, 1000 ரெய்ஸ் (அன்றைய போர்த்துகீசியப் பணம்) என மூன்று மதிப்புகளில் வந்தது. உங்களுடையது 25 கிராம் இருந்தால் 1000 ரெய்ஸ், 12.5 கிராம் என்றால் 500. 'உமா ரூப்பியா' என்ற எழுத்து இருந்தால் அது கோவாவில் புழங்கிய போர்த்துகீசிய ரூபாய், முற்றிலும் வேறு நாணயம்.

திருவையாறு வாசகர்: என்னிடமும் 1000 ரெய்ஸ் இருக்கிறது. வெள்ளிதானா என்று உரசாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

தயவுசெய்து உரைகல் பக்கமே போகாதீர்கள். காந்தத்தையும் நம்ப வேண்டாம். செம்பும் நிக்கலும் கலந்த போலிகூட அதில் ஒட்டாது. தண்ணீர் போதும். நகைக்கடைத் தராசில் முதலில் காசை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் உள்ள தம்ளரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். 25 கிராம் உள்ள நல்ல காசுக்குத் தராசு 2.4 கிராம் அளவில் காட்டும். 2.8-ஐ நெருங்கினால் அது வெள்ளியே இல்லை. இந்த நாணயத்தில் 91.7 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு.

மயிலாடுதுறை வாசகி: காசு கறுத்துவிட்டது. வெள்ளிக் குத்துவிளக்கைப் போல விபூதி போட்டுத் தேய்க்கலாமா? விளிம்பில் சிறு மேடு வேறு இருக்கிறது.

கூடாது அம்மா. விபூதி, பற்பொடி, புளி எதுவும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்க அரசியின் கூந்தல் கோடுகள்தான் முதலில் போகும். போனால் திரும்ப வராது. அந்தக் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படிந்த மெல்லிய படலம். அது இருப்பதால் காசுக்குக் குறைவில்லை. மேடு, யாரோ சங்கிலியில் கோப்பதற்குப் பொடி வைத்து ஊதிய, அதாவது பற்றவைத்த, தடம். விலை கணிசமாகக் குறையும், ஆனாலும் அதை ராவி எடுக்க முயல வேண்டாம். காசை வைக்க பி.வி.சி. பிளாஸ்டிக் உறையும் ரப்பர் வளையமும் ஆகாது.

தரங்கம்பாடி ஆசிரியர்: இந்தியாவை 'கண்டுபிடித்ததாக'ச் சொல்லும் நாணயத்தை மாணவர்களிடம் காட்டலாமா?

கட்டாயம் காட்டுங்கள். ஆனால் 1498-ன் சான்றாக அல்ல, 1898-ன் சான்றாக. 1890-இல் ஆப்பிரிக்க நிலம் தொடர்பாக பிரிட்டன் விடுத்த இறுதி எச்சரிக்கைக்குப் போர்த்துக்கல் பணிந்தது. 1892-இல் கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தது. அப்படி நொந்துபோன நாடு, பழம்பெருமையை வெள்ளியில் அடித்துப் பார்த்துக்கொண்டது.

பயணத்தையும் சொல்லுங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தி துறைமுகத்தில் கிடைத்த வழிகாட்டி மாலுமியோடும் சாதகமான காற்றோடும் காமா ஒரு மாதத்துக்குள் கோழிக்கோடு பக்கம் வந்து சேர்ந்தார். திரும்பும்போது பருவம் தெரியாமல் எதிர்காற்றில் புறப்பட்டு, அதே கடலைக் கடக்க மூன்று மாதம் ஆயிற்று. வைட்டமின் சி குறைவால் வரும் 'ஸ்கர்வி' நோயில் ஆட்கள் மடிந்தார்கள். ஓட்ட ஆளில்லாமல் 'சாவோ ரஃபேல்' கப்பலைக் கொளுத்தினார்கள். வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் நாள் பார்த்து வலை எடுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். அந்தக் கடலின் வழி, அதில் ஓடியவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதற்கும் சுமார் ஐந்நூறு ஆண்டுகள் முன்னரே, ராஜராஜன் காலத்தில், சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி என்ற புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊர் தானமாயிற்று. ராஜேந்திரனின் கடற்படை கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) சென்றது 1025-இல்.

தஞ்சாவூர் வாசகர்: என்னிடமுள்ள பெரிய கோயில் ஆயிரம் ரூபாய் நாணயம் ராஜேந்திரன் கடற்பயணத்துக்கானதா?

இல்லை. அது கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்தது: 35 கிராம், 80 சதவீதம் வெள்ளி. ராஜேந்திரனுக்கான நினைவு நாணயம் 2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் வெளியிடப்பட்டது.

திருவாரூர் வாசகர்: 1898 காசை சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்குக் கூரியரில் அனுப்பலாமா?

அனுப்ப முடியாது. நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. இருபுறமும் விளிம்பும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, எடையையும் எழுதி அனுப்புங்கள். அண்ணன் ஊருக்கு வரும்போது காசைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும்.