சைக்கிள் கேள்வி பதில்: மௌன்டன் பைக்கில் எது பெரிய கண்டுபிடிப்பு?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மௌன்டன் பைக் பற்றியவைதான். ஏப்ரல் லீவுக்குக் கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள் புதுச் சைக்கிளைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் போல. சரி, இந்தத் தடவை மற்றக் கேள்விகள் காத்திருக்கட்டும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்: அண்ணன், எங்கள் செட்டில் ஓயாத வாய்ச்சண்டை. ஐம்பது வருஷத்தில் மௌன்டன் பைக்குக்கு வந்ததிலேயே எது சிறந்தது? ஒருவன் சஸ்பென்ஷன் என்கிறான், இன்னொருவன் டிஸ்க் பிரேக் என்கிறான், நான் அகல டயர் என்கிறேன். தீர்ப்புச் சொல்லுங்கள்.

தம்பி, நான் பிரேக் பக்கம். நீங்கள் சொல்வதும் முழுப் பிழையில்லை, ஏனென்றால் கலிபோர்னியாவில் மரின் பகுதிப் பொடியன்கள் 1970களில் மலையில் இறங்க எடுத்ததே 1930, 40களில் செய்த பழைய பாரச் சைக்கிள்களைத்தான், காரணம் அவற்றின் கொழுத்த டயர். ஆனால் அவற்றில் இருந்த பிரேக், பெடலைப் பின்னால் மிதித்தால் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள்ளே பிடிக்கிற வகை. 1976இல் அவர்கள் ஒரு மண் ரோட்டில் போட்டி வைக்கத் தொடங்கினார்கள். மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேலே தூரம், அதற்குள் 400 மீற்றர் இறக்கம். கீழே வந்து சேரும்போது ஹப் கொதித்து உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போயிருக்கும், கழற்றி மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால்தான் அந்தப் போட்டிக்கே 'ரீபேக்', அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர் விழுந்தது. அந்தக் கூட்டத்தில் ஓடிய ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே ஒரு சைக்கிளைக் கட்டினார், கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979இல் டொம் ரிட்சி செய்த பிரேம்களை வைத்து வியாபாரம் தொடங்கினார்கள், 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பனியின் ஸ்டம்ப்ஜம்பர் தொழிற்சாலையிலிருந்து ஏராளமாக வெளியே வந்தது. இத்தனைக்கும் முன்னால் நிற்பது புகைந்த பிரேக்தான்.

நுவரெலியாவிலிருந்து ராம்பொட பக்கம் மழையில் இறங்கிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். ரிம்மைப் பிடிக்கிற ரப்பர் கட்டை, முதல் அமுக்குக்கு ஒன்றுமே செய்யாது. சக்கரம் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கத் தொடங்கும், அதற்குள் வளைவு வந்துவிடும். கீழே வந்து நிறுத்தினால் ரிம் முழுக்கக் கறுப்புச் சேறு வழியும், ரப்பர் கருகிய வாசம் அடிக்கும். கொஞ்ச நாளில் ரிம்மை நகத்தால் தடவினாலே பள்ளம் தெரியும், கட்டை மட்டுமல்ல ரிம்மும் தேய்கிறது. 1996இல் ஷிமானோ கம்பனி கொண்டுவந்த வி-பிரேக் நல்ல சாமான், அதற்கு முந்தியதைவிட எவ்வளவோ பலம், ஆனாலும் பிடிப்பது அதே நனைந்த ரிம்மைத்தான். டிஸ்க் பிரேக் பிடிப்பது ரிம்மையல்ல, ஹப்போடு சுற்றும் ஒரு தட்டை. அது ஹப்புக்குப் பக்கத்தில் இருப்பதால் சேறும் தண்ணீரும் அங்கே குறைவு, ரிம் கோணினாலும் பிரேக்குக்குக் கவலையில்லை. 1990களின் கடைசியில் எண்ணெயில் ஓடும் டிஸ்க் பரவத் தொடங்கியதும், ஒரு விரலால் பாரத்தை நிறுத்தலாம் என்றாகிவிட்டது.

சஸ்பென்ஷன்காரத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. 1989இல் வந்த ரொக்ஷொக்ஸ் கம்பனியின் ஆர்எஸ்-1 என்ற சஸ்பென்ஷன் முன் போர்க்தான் அந்தக் கதையைத் தொடக்கியது, அடுத்த வருஷமே அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் இறக்க ஓட்டத்தை வென்ற கிரெக் ஹெர்போல்ட் அதைத்தான் பூட்டியிருந்தார். பெரிய கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் மலிவுச் சைக்கிளில் வரும் போர்க்கில் வில்லு மட்டும்தான் இருக்கும், அந்தத் துள்ளலை அடக்க உள்ளே எண்ணெய் ஏற்பாடு இருக்காது. நானும் ஒரு காலத்தில் ஆசைப்பட்டு அப்படியொன்றை வாங்கிப் பூட்டினேன். கல்லில் ஏறினால் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது, ஒரு மழைக்காலம் முடிந்ததும் துருப்பிடித்து இறுகிப்போய் வெறும் பாரமாக நின்றது. அந்தக் காசுக்கு நல்ல பிரேக்கும் நல்ல டயரும் வாங்கியிருக்கலாம்.

மஸ்கெலியாவிலிருந்து: என் சைக்கிளின் டிஸ்க் பிரேக் லீவர் ஹேண்டில் வரைக்கும் வருகிறது. திரீவீலுக்கு ஊற்றுகிற பிரேக் ஒயில் வீட்டில் இருக்கிறது, ஊற்றலாமா?

அவசரப்பட்டு ஊற்றிவிடாதீர்கள்! ஷிமானோ போன்றவை மினரல் ஒயிலில் ஓடுபவை. திரீவீல் ஒயில் டொட் (DOT) என்ற வேறு வகை, அதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுப்போகும், பிறகு முழு பிரேக்கையும் மாற்ற வேண்டிவரும். லீவரின் மூடியில் எந்த ஒயில் என்று எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். அதற்கு முன் பேட் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பேருடைய வருத்தம் அதுதான்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தகப்பனார்: மகனுக்கு வாங்கியது 21 கியர் சைக்கிள். இப்போது முன்னால் ஒரே செயின்வீல், மொத்தம் 12 கியர் உள்ளதுதான் நல்லதென்று அடம்பிடிக்கிறான். குறைந்தால் எப்படி நல்லதாகும்?

ஐயா, மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் உங்கள் பொக்கெட்டுக்கு அவசரமில்லை. 21 என்பது எண்ணிக்கைக்குத்தான், அதில் பல கியர் கிட்டத்தட்ட ஒரே கனம். ஏற்றத்துக்கு முக்கியம் ஆகச் சின்ன கியர். முன்னால் 28 பல், பின்னால் 28 பல் என்றால் பெடல் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. தோட்டத்து ரோட்டில் தொழிற்சாலையிலிருந்து மேல் லயத்துக்கு ஏற அது போதாது, நின்று மிதித்து நெஞ்சு வலிக்கும். 2012இல் ஸ்ராம் கம்பனி முன்னால் ஒன்று, பின்னால் 10இலிருந்து 42 பல் வரை 11 என்று கொண்டுவந்தது, 2016இல் 12 ஆகி 50 பல் வரை போனது. முன்னால் 32, பின்னால் 50 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் முக்கால் சுற்றுக்கூட இல்லை. சக்கரம் பெரிதாக இருந்தாலும் ஏற்றம் லேசாகிவிடும். முன் செயின்வீலில் ஒரு பல் தடிப்பு, அடுத்தது மெலிவு என்று மாறி மாறி வைத்திருப்பதால் குலுக்கலிலும் செயின் கழராது.

ஆனால் அந்த முழு செட்டின் விலைக்கு இன்னொரு சைக்கிளே வாங்கலாம். கடையில் 14இலிருந்து 34 பல் வரை உள்ள ஏழு கியர் பிரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) கேளுங்கள். அதை மாற்றி, செயின் நீளம் போதுமா, பின் கியர் கை அந்த 34க்குத் தாங்குமா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மகன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்திருப்பான், ஏற்றத்தில் சரியாகிவிடும்.

பொகவந்தலாவையிலிருந்து: கவ்வாத்து நடக்கும் மலைப்பக்கம் போனாலே பஞ்சர். டியூப்லெஸ் போட்டால் நிற்குமா?

பெருமளவு நிற்கும். கவ்வாத்துக் கத்தியில் சரிவாக வெட்டி விழுந்த குச்சி ஈட்டி மாதிரித்தான், எந்த டியூப் தாங்கும்? மாவிக் கம்பனி 1999இல் டியூப்லெஸ் முறையைக் கொண்டுவந்தது, அப்புறம் வந்த பால்தான் அதை எல்லோருக்கும் ஆக்கியது. டயருக்குள் ஊற்றும் அந்த வெள்ளைப் பால் பெரும்பாலும் ரப்பர் பால் வகைதான். குச்சி குத்தினால் காற்றோடு வெளியே வந்து ஓட்டையிலேயே உறைந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு, டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கும் பயம் இல்லாததால் 40 இறாத்தல் அடிக்கிற இடத்தில் 25 போதும், ஈரக் கல்லில் டயர் நன்றாக ஒட்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பாலைப் பாருங்கள், காய்ந்துவிடும். பையில் ஒரு டியூப் எப்போதும் இருக்கட்டும், பக்கவாட்டில் டயர் கிழிந்தால் பால் ஒன்றும் செய்யாது.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு வாசகி: லிப்டன் சீட் மலையுச்சியிலிருந்து இறங்கும்போது சைக்கிள் சீட் உயரமாக இருந்து முன்னால் கவிழ்வது போல இருக்கிறது. பட்டன் அமுக்கினால் இறங்குகிற சீட் கம்பம் வாங்குவதா?

தங்கச்சி, காசு இருந்தால் வாங்குங்கள், டிஸ்க்குக்கு அடுத்தபடி என் ஓட்டு அதற்குத்தான். அதே ஜோ பிரீஸும் ஒரு கூட்டாளியும் 1984இலேயே சீட்டை ஏற்றி இறக்க ஒரு வில்லுக் கம்பி விற்றார்கள், எல்லோரும் கேட்டு வாங்குகிற அளவுக்கு வர இன்னும் இருபத்தைந்து வருஷம் போனது. இப்போதைக்கு மேலே நின்று தேத்தண்ணி குடிக்கும்போதே சீட் கிளிப்பைத் திறந்து மூன்று அங்குலம் இறக்கிவிட்டு வாருங்கள். இறக்குவதற்கு முன், ஏறும்போது இருந்த உயரத்தில் கம்பத்தைச் சுற்றி கியூடெக்ஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், தம்பேதென்னக்கு வந்து திரும்பத் தூக்கும்போது அளவு தேட வேண்டியதில்லை.