மாமனார் 1965-ல் விற்றதாக எழுதித் தரச் சொல்கிறார்கள்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: காரைக்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில், ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டில் நான் மட்டும் குடியிருக்கிறேன். என் கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் சாமி அறையில் ஒன்றரை அடி உயரத்தில் ஓர் ஐம்பொன் அம்மன் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, சென்னையிலிருக்கும் என் கொழுந்தன் மகன் வந்து, பழைய பித்தளைச் சாமான்களோடு அதையும் ஒரு வியாபாரியிடம் விற்றுவிட்டான். இப்போது நியூயார்க் ஏலம் ஒன்றின் பட்டியலில் அந்த அம்மனின் படத்தை என் பேரன் பார்த்திருக்கிறான். பூர்விகத்துக்கு ஆதாரம் இல்லை என்று ஏலத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். வியாபாரியின் ஆள் வீட்டுக்கு வந்து, என் மாமனார் 1965-ல் பினாங்கில் அந்த அம்மனை விற்றதாக நான் எழுதிக் கொடுத்தால், என் பங்காக 12 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார். முன்பணமாக 1 லட்சம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் பங்கை வாங்கிக்கொள்ளலாமா? அம்மனைத் திரும்பக் கொண்டுவர யுனெஸ்கோவுக்கு எழுதலாமா? கொழுந்தன் மகனைச் சிறைக்கு அனுப்ப முடியுமா?

பதில்: ஆச்சி அவர்களுக்கு,

நீங்கள் எழுதிய ஏழு பக்கங்களில் ஆறு பக்கம், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு உங்களை அழைக்காததைப் பற்றியும், ஓடு மாற்றிய செலவில் உங்கள் கொழுந்தன் குடும்பம் ஒரு ரூபாய்கூடத் தராததைப் பற்றியும், முப்பது ஆண்டுகளாக அந்த அம்மனுக்கு விளக்கேற்றியது நீங்கள் ஒருவர்தான் என்பதைப் பற்றியும் இருக்கின்றன. அவை எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். இந்த விவகாரத்தில் அவற்றால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கடைசிப் பக்கத்தில், பேச்சோடு பேச்சாக, 1 லட்சம் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கொழுந்தன் மகன் செய்தது அவனுடைய குற்றம். அந்தக் கடிதத்தில் நீங்கள் கையெழுத்திட்டால் அது உங்களுடைய குற்றம்.

அவர்கள் ஏன் 1965 என்று எழுதச் சொல்கிறார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோத வணிகத்தைத் தடுப்பதற்கான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-ல் உருவானது. நம் நாட்டின் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டு அருங்காட்சியகங்களும் ஏல நிறுவனங்களும் இன்று ஒரு பொருளை வாங்கும்போது, அது 1970-க்கு முன்பே தாய்நாட்டை விட்டுப் போய்விட்டதா என்பதைத்தான் முதலில் கேட்கின்றன. ஆகவே, 1970-க்கு முந்தைய ஒரு தேதியும், அந்தத் தேதியில் உண்மையாகவே வெளிநாட்டில் இருந்த ஒரு மனிதரின் பெயரும் கிடைத்துவிட்டால், நேற்றுத் திருடிய சிலைக்கும் வம்சாவளி எழுதிவிடலாம். இந்த வேலைக்குச் செட்டிநாட்டைப் போல வசதியான இடம் வேறு இல்லை. உங்கள் மாமனார் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, போய் 1965-ல் பினாங்கில் இருந்தது மெய். அந்த மெய்யின் மேல்தான் பொய்யை ஏற்றிவைக்கப் பார்க்கிறார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த அத்தனை குடும்பங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

இந்தக் கடிதத்தைத் தயாரித்தவருக்குச் சட்டம் அரைகுறையாகத்தான் தெரியும் என்பது வேறு விஷயம். 1972 சட்டத்துக்கு முன்பே, 1947-ஆம் ஆண்டின் தொல்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. நூறு ஆண்டு கடந்த பொருளை மத்திய அரசின் உரிமம் இல்லாமல் அப்போதும் கடல் கடத்த முடியாது. அந்த அம்மன் உங்கள் மாமியாரின் மாமியார் காலத்துக்கும் முந்தையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனவே, நீங்கள் எழுதிக் கொடுக்கும் கடிதம் விற்பவரைக் காப்பாற்றாது. உயிரோடு இல்லாத உங்கள் மாமனாரைக் கடத்தல்காரர் ஆக்கும். அதற்குச் சாட்சியாக நீங்கள் நிற்பீர்கள்.

இனி அந்தப் புகைப்படம். 1988-ல் நடந்த உங்கள் மாமனாரின் அறுபதாம் ஆண்டுச் சாந்தியில் எடுத்த படம் என்று ஒன்றை இணைத்திருக்கிறீர்கள். மாமனாரும் மாமியாரும் மாலையோடு அமர்ந்திருக்க, அவர்களுக்குப் பின்னால் திறந்திருக்கும் சாமி அறையில் பச்சைப் பட்டுக் கட்டிய அம்மன் தெளிவாகத் தெரிகிறது. எதை 1965-ல் பினாங்கில் விற்றார் என்று நீங்கள் எழுதப்போகிறீர்களோ, அதற்கு முன்னால் அவர் 1988-ல் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் படத்தின் பிரதி ஐந்து பங்காளி வீடுகளிலும் இருக்கும். விசேஷத்துக்கு வந்த சம்பந்தி வீட்டு ஆல்பத்திலும் இருக்கும். எடுத்த ஸ்டூடியோவில் நெகட்டிவும் இருக்கலாம். நான் உங்களை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியபோது, அவர் வெகு காலத்துக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனவர் என்று காட்டும் காகிதங்களும் கூடவே வந்தன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலில் வைத்து 1994-ல் எடுத்த படங்கள் அந்தக் காகிதங்களைப் பொய்யாக்கின. 2014 செப்டம்பரில் நடராசர் திரும்பி வந்தார். அவரை விற்ற நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் 2011-ல் ஜெர்மனியில் கைதாகி, 2012-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2022 நவம்பரில் சுத்தமல்லி கோயில் சிலைகள் வழக்கில் கும்பகோணம் நீதிமன்றத்தால் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். உலகச் சந்தையில் புழங்கிய அவருடைய காகிதங்களே ஒரு பழைய புகைப்படத்தின் முன் நிற்கவில்லை.

இருந்தும், கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாரே என்பதற்காக, ஒரு கற்சிலை தமக்குத் தெரிந்து ஐம்பது ஆண்டுகளாக வெளிநாட்டில் இருக்கும் குடும்பச் சொத்து என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். பணம் எதுவும் வாங்கவில்லை. வழக்கு வந்தபோது, பொருளை எடுத்தவரையும் ஏற்றியவரையும் கண்டுபிடிக்கக் காவல் துறை அலைந்துகொண்டிருந்தது. ஆசிரியரைக் கண்டுபிடிக்க அலையவே தேவையிருக்கவில்லை, ஏனென்றால் கடிதத்தில் வீட்டு முகவரியும் ஆதார் எண்ணும் இருந்தன. கும்பலில் மற்ற எல்லோருக்கும் பெயர் மாற்றுப்பெயராக இருக்கும், கைபேசி எண் இன்னொருவருடையதாக இருக்கும். உண்மையான பெயரும் உண்மையான கையெழுத்தும் இருப்பது கடிதம் கொடுத்தவருக்கு மட்டும்தான். முதல் கைது அங்கேதான் நடக்கும். அவர் முன்ஜாமீனுக்கு அலைந்த ஏழு மாதமும், மகனைப் பார்க்க வெளிநாடு போக முடியாமல் கிடந்த மூன்று ஆண்டும் எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படாத தண்டனை.

எழுதப்படும் தண்டனையும் சிறியதல்ல. ஏமாற்றும் நோக்கத்தோடு பொய் ஆவணம் உருவாக்குவதற்குப் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் அதைக் கைம்மாற்ற உதவுவதும் கூட்டுச்சதியும் தனித்தனியாகச் சேரும். அனுமதியற்ற ஏற்றுமதிக்கு 1972 சட்டத்தில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. அந்த ஏற்றுமதியில் உங்களையும் இணைக்கும் பாலமாக அந்த 12 லட்சம் இருக்கும். “பங்கு” என்று நீங்கள் சொல்கிறீர்கள். குற்றப்பத்திரிகை அதைப் பங்கு என்று சொல்லாது.

அந்த 1 லட்சத்தை என்ன செய்வது என்ற இடத்தில்தான் பலர் தவறுவார்கள். பயந்துபோய் வியாபாரியைக் கூப்பிட்டுக் கையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். வாங்கியதற்கும் ரசீது இல்லை, கொடுத்ததற்கும் ரசீது இருக்காது. நாளைக்கு அவர், ஆச்சி 12 போதாது 20 வேண்டும் என்று பேரம் பேசினார், படியவில்லை என்று சொன்னால் உங்களிடம் மறுப்புச் சொல்ல எதுவும் இராது. பணத்தில் கை வைக்காமல், அவர் கொடுத்த உறையிலேயே வைத்திருங்கள். கையெழுத்திடாத அந்தக் கடிதத்தையும், உங்கள் பேரனின் கைபேசிக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளையும், குரல் பதிவுகளையும் அழிக்காதீர்கள். சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்குக் கொடுக்கும் புகாரிலேயே முன்பணம் வந்த நாள், கொண்டுவந்தவர், தொகை எல்லாவற்றையும் எழுதி, உறையை அவர்களிடம் மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றுதல் பதிவு) போட்டு ஒப்படையுங்கள். நீங்களாகச் சொன்னால் நீங்கள் சாட்சி. அவர்களாகக் கண்டுபிடித்தால் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர். புகார் இந்த வாரமே போக வேண்டும், ஏனென்றால் உங்கள் கையெழுத்துக் கிடைக்காவிட்டால் அவர்கள் அடுத்த பங்காளியின் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

யுனெஸ்கோவுக்கு எழுதுவதைப் பற்றி: எழுதிப் பயனில்லை. 1970 உடன்படிக்கை அரசுக்கும் அரசுக்கும் இடையிலானது. இந்தியா 1977-ல் அதில் சேர்ந்தது. திருட்டுப் பொருளைத் திருப்பிக் கேட்கும் அதன் 7-ஆம் கூறு, அருங்காட்சியகம், வழிபாட்டிடம், பொது நினைவுச்சின்னம் போன்றவற்றின் பதிவேட்டில் ஏறிய பொருள்களுக்கானது. ஒரு வீட்டின் சாமி அறையில், எந்தப் பதிவிலும் இல்லாமல் இருந்த அம்மன் அதற்குள் எளிதில் வராது. தனியாரே வெளிநாட்டு நீதிமன்றத்தில் கேட்க வழி செய்யும் 1995-ஆம் ஆண்டின் யூனிட்ரா உடன்படிக்கையில் இந்தியா சேரவே இல்லை. அதற்காக வழியே இல்லை என்று அர்த்தமில்லை. அமெரிக்கச் சட்டத்தில் திருடனிடமிருந்து வாங்கியவருக்கு, அவர் எத்தனை நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும், உரிமை பிறப்பதில்லை. மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. 2024 நவம்பரில் மட்டும் 1,440 பொருள்களை அது இந்தியாவிடம் ஒப்படைத்தது. 2024 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் பண்பாட்டுச் சொத்து ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டிருக்கின்றன. ஆனால் இந்தக் கதவுகள் எல்லாவற்றுக்கும் சாவி ஒன்றுதான்: இங்கே பதிவான முதல் தகவல் அறிக்கையும், படத்தோடு கூடிய ஆதாரமும். இன்டர்போலின் திருட்டுக் கலைப்பொருள் பட்டியலில் ஏற்றுவதற்கும் காவல் துறை வழியாகத்தான் போக வேண்டும்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அந்தச் சாந்திப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டு விலகியிருக்கும் இடத்தில் பீடத்தின் பக்கவாட்டில் ஒரு வளையம் தெரிகிறது. தண்டு கோத்து வீதியுலாவுக்கு எழுந்தருளச் செய்யும் உற்சவத் திருமேனிக்குத்தான் அது வேண்டும். வீட்டுப் பூசைக்கு வார்த்த அம்மனுக்கு வளையம் எதற்கு? ஏதோ ஒரு காலத்தில், திருப்பணியின்போதோ கலகத்துக்குப் பயந்தோ, கோயிலிலிருந்து பாதுகாப்புக்காக உங்கள் வீட்டுக்கு வந்து, திரும்பிப் போகாமலே இருந்திருக்கலாம். அப்படியானால் அது ஐந்து பங்காளிகளில் யாருடைய சொத்தும் அல்ல. பத்தூர் நடராசர் வழக்கில், 1991-ல், லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமே, இடிந்து கிடந்த ஒரு தமிழ்நாட்டுக் கோயிலை வழக்காடும் தகுதியுள்ள சட்ட நபராக ஏற்றுச் சிலையை ஒப்படைக்கச் செய்தது. உங்கள் வீட்டுச் சொத்தே என்று நிரூபணமானாலும், உலோகச் சிலைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1972 சட்டத்தின் 14-ஆம் பிரிவு உரிமையாளரை மட்டுமல்ல, கையில் வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்தும். அந்த வீட்டில் இருந்தது நீங்கள். பதிவு செய்யாத குறை உங்கள் மேலும் இருக்கிறது என்பதை மறைக்காமல் புகாரிலேயே சொல்லிவிடுவது நல்லது. எப்படியானாலும் அந்த அம்மன் திரும்பி வந்து நேராக உங்கள் சாமி அறையில் ஏறாது. வழக்குச் சொத்தாக அரசின் பாதுகாப்பு மையத்தில் பல ஆண்டுகள் இருக்கும்.

கொழுந்தன் மகனைச் சிறைக்கு அனுப்புவதைப் பொறுத்தவரை, அது உங்கள் வேலை அல்ல. அவன் கையில் இருக்கும் ரசீதில் “பழைய பித்தளை 14 கிலோ” என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். எடைக்குப் போட்டேன், சிலை என்று தெரியாது என்பான். நம்புவதா வேண்டாமா என்பதை விசாரணை முடிவு செய்யட்டும். அவனோடு நீங்கள் சமரசம் செய்துகொள்ள வேண்டும் என்றுதான் சொல்வேன், ஆனால் வீட்டைப் பற்றி மட்டும். குடியிருக்கும் உரிமையையும் பராமரிப்புச் செலவையும் சேர்த்து ஒரு குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவனுக்கு இப்போது வழக்குப் பயம் இருப்பதால் ஓரளவு இறங்கி வருவான். அந்தப் பத்திரத்தில் அம்மனைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. புகாரைக் கைவிடுவதற்காக எதையும் பெற்றதாக ஆகிவிட்டால் அந்தப் பத்திரமே செல்லாது. குற்றத்தை மறைக்கப் பணமோ பொருளோ பெறுவது தனிக் குற்றமும்கூட.

வீட்டில் மிச்சமிருப்பவற்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எனாமல் சட்டிகளையும் பீங்கான் சாடிகளையும் நினைத்துக் கவலைப்பட வேண்டாம். தஞ்சாவூர்ப் படங்கள் இரண்டும் நூறு ஆண்டு கடந்தவை என்றால் பதிவு செய்யுங்கள். முகப்பு நிலைக்கதவைக் கழற்றி விற்கலாமே என்று மற்றப் பங்காளிகள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் சட்டத்தின் கண்ணில் தொல்பொருள்தான், நூறு வயது ஆகியிருந்தால். வீடு கட்டியது 1921 என்பதால் அந்தக் கதவு அந்த வயதை ஏற்கெனவே தாண்டிவிட்டது. பினாங்குக் கடையின் பேரேடுகளுக்கு, வரலாற்று மதிப்புள்ள ஆவணங்கள் என்ற வகையில், 75 ஆண்டே போதும். அவற்றையும் யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீர்கள், 1965-ல் மாமனார் எதை விற்றார், எதை விற்கவில்லை என்பதற்கு அவையும் சாட்சி.

என்னைப் பார்க்க வரும்போது சாந்தி ஆல்பத்தை அப்படியே கொண்டுவாருங்கள். படத்தை மட்டும் பிய்த்து எடுத்துவராதீர்கள். அட்டையின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் இருக்கின்றனவா என்று நான் பார்க்க வேண்டும்.