4 வயது, 8 வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டில் டிராம்போலின் வாங்கலாமா? 150 கிலோ தாங்கும் என்கிறார்கள், நாங்களும் அவர்களோடு சேர்ந்து குதிக்கலாமா?

8 வயதுப் பிள்ளைக்கு வாங்கலாம். 4 வயதுப் பிள்ளை ஆறு வயது வரை காத்திருக்கட்டும். சேர்ந்து குதிப்பது மட்டும் யாருக்கும் வேண்டாம்.

இதோடு நிறுத்தியிருப்பேன். கேள்வியில் அந்த 150 கிலோவைப் பார்த்த பிறகு முடியவில்லை. இதே கணக்கை நாங்களும் போட்டோம். பெட்டியின் மேல் அதே எண்தான் அச்சிட்டிருந்தது. என் கணவர் 78 கிலோ, எங்கள் சின்னவன் 16 கிலோ. கூட்டினால் 94. தாராளமாக இருக்கிறதே என்று நம்பினோம். அந்த எண், சுற்றியுள்ள இரும்புச் சட்டமும், குதிக்கும் விரிப்பை (மேட்) அதோடு இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் உடையாமல் தாங்கும் எடையைச் சொல்கிறது. உள்ளே குதிக்கும் குழந்தையின் எலும்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. இதை எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் ஏங்காத நாளில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிள்ளைகள் திரையை விட்டு எழுந்து உடம்பை அசைக்க வேண்டும், நீங்களும் அவர்களோடு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும், அதற்காகத்தான் வாங்க நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் அதுதான் காரணம். 12 அடி வட்டம், சுற்றிலும் வலை, ஸ்பிரிங்குகளை மூடும் பஞ்சு மெத்தை எல்லாம் இருந்தது. ஒரு முழு நாள் உட்கார்ந்து நாங்களே பூட்டினோம். முதல் இரண்டு மாதம் வீடே மாறிப்போனது. பெரியவள் பள்ளி விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு ஓடுவாள். சின்னவனுக்கு அப்பா கூட ஏறினால்தான் குஷி. அவர் ஓங்கி மிதித்தால் இவன் பந்துபோல மேலே போவான். "இன்னும் மேல, இன்னும் மேல" என்று கத்துவான்.

2024 ஜூலையில் ஒரு சாயங்காலம். நான் வலைக்கு வெளியே நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் விழவில்லை, எதிலும் மோதவில்லை, வெளியே தூக்கி எறியப்படவும் இல்லை. இரண்டு காலையும் ஊன்றி நேராகத்தான் இறங்கினான். இறங்கியவன் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். காலைத் தடவிப் பார்த்தோம். வீக்கம் இல்லை, சிராய்ப்பு இல்லை. "விழவே இல்லையே, பயந்துட்டான் போல" என்றார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ராத்திரி தூக்கத்தில் இரண்டு தடவை முனகினான். காலையில் கட்டிலை விட்டு இறக்கிவிட்டால் இடது காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்கிறான்.

எலும்பு மருத்துவரிடம் போய், டிராம்போலினில் குதித்தான் என்று மட்டும்தான் சொன்னேன். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி: "யார் கூட குதிச்சான்?" எனக்கு அந்த இடத்திலேயே கை நடுங்கிவிட்டது. படத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கால் எலும்பில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அவர் விரல் வைத்துக் காட்டும்வரை என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெரியவர்களோடு குதிக்கும்போது இந்த இடத்தில்தான் அதிகம் விரிசல் விடும், டிராம்போலின் முறிவு என்றே இதற்குப் பெயர் என்றார். தொடை வரை மாவுக்கட்டு. நான்கு வாரம்.

மருத்துவர் விளக்கியது எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் புரிந்தது. வீட்டுக்கு வந்து, எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் முழுதாகப் புரிந்தது. என் கணவரின் கால்கள் முதலில் இறங்குகின்றன. மேட் ஆழமாகக் கீழே போகிறது. அவர் எழும்பத் தொடங்க, மேட் அதே வேகத்தில் மேலே வருகிறது. சரியாக அந்த நொடியில் சின்னவன் கீழே வருகிறான். தனியாகக் குதித்திருந்தால் மேட் அவன் காலுக்குக் கீழே குழிந்து கொடுத்திருக்கும். இங்கே அது குழியவில்லை. 78 கிலோ அழுத்தித் தேக்கிவைத்த விசையோடு எதிரே வந்து அவன் காலைத் தாக்கியது. தரையாவது இருந்த இடத்திலேயே இருக்கும், இது எழும்பி வந்து அடித்தது. அவனை "இன்னும் மேல" தூக்கிவிட்டதும் இதே விசைதான். ஒரு இமைப்பொழுது முன்னே பின்னே ஆனால் சிரிப்பு, இல்லையென்றால் முறிவு.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1977-லேயே டிராம்போலின் பற்றி எச்சரித்திருக்கிறது. 2012-ல் வெளியிட்ட அறிக்கையில், காயங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் குதிக்கும்போது நடப்பவை என்றும், அப்படிக் குதிக்கையில் எடை குறைந்தவருக்கு அடிபடும் வாய்ப்பு எடை கூடியவரைவிட 14 மடங்கு வரை அதிகம் என்றும் சொல்லியிருக்கிறது. சுற்றுவலை இருப்பதால் காயங்கள் பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. வெளியே விழாமல் காப்பதோடு வலையின் வேலை முடிந்துவிடுகிறது. எங்களுக்கு நடந்தது வலைக்கு உள்ளே, மேட்டின் நடுவில்.

ஒரு வீட்டில் நடந்ததை வைத்து எல்லோரையும் பயமுறுத்துகிறேன் என்று யாராவது சொல்லலாம். நாங்கள் எல்லாம் கட்டிலில் ஐந்து பேராகக் குதித்து வளர்ந்தவர்கள், எங்களுக்கு என்ன ஆனது என்றும் கேட்கலாம். கட்டில் மெத்தை நம்மை மூன்று அடி உயரத்துக்குத் திருப்பி எறிவதில்லை. நான் மருத்துவரும் இல்லை, டிராம்போலினுக்கு எதிரியும் இல்லை. எதிரியாக இருந்தால் அதை அன்றே கழற்றிப் போட்டிருப்பேன். அது இன்னும் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. என் கணவரைக் குறை சொல்வதாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வீடியோ எடுத்தேனே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லையே. இருவருக்கும் ஒரே அறியாமைதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் என்னால் இதைத் தாண்டிப் போக முடியாது. கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். மாவுக்கட்டு போட்ட அன்றிலிருந்து நலம் விசாரித்த ஒவ்வொருவரும் கேட்டது ஒன்றே ஒன்று: "நீ எங்கேம்மா இருந்தே?" என் கணவரே போனை வாங்கி, "நான்தாங்க அவன்கூட குதிச்சேன், தப்பு என்னோடது" என்று சொல்லிப் பார்த்தார். "சரி தம்பி, இருந்தாலும் அம்மாதானே பாத்துக்கணும்" என்று பதில் வந்தது. பிள்ளைக்கு ஜுரம் வந்தாலும் அம்மா, மதிப்பெண் குறைந்தாலும் அம்மா, அப்பாவோடு விளையாடி அடிபட்டாலும் அம்மா. அந்த நான்கு வாரமும் அவனைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்ததில் என் இடுப்பு விட்டுப்போனது. அதைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. விடுங்கள்.

கட்டோடு சின்னவன் சோபாவில் கிடந்த நாட்களில்தான் பாரிஸ் ஒலிம்பிக் நடந்தது. ஆகஸ்ட் 2, டிராம்போலின் இறுதிப் போட்டி. எங்களுடையதில் ஏற விடாததால் முகம் தொங்கிக் கிடந்த பெரியவள் அதைப் பார்க்க உட்கார்ந்தாள். பிரிட்டனின் பிரயோனி பேஜ் தங்கம் வாங்கினார். ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம், பாரிஸில் தங்கம் என்று அவருக்கு மூன்று நிறமும் கிடைத்துவிட்டது. "அம்மா, இதுல ஒருத்தர்தான் ஏறுறாங்க, பாத்தியா?" என்றாள் மகள். எட்டு வயதுப் பிள்ளை கவனித்ததை நாங்கள் யோசித்ததே இல்லை. பிறகு தேடிப் பார்த்தேன். இருவர் சேர்ந்து ஒரே மாதிரி செய்துகாட்டும் சிங்க்ரோ என்ற பிரிவிலும் ஆளுக்கொரு டிராம்போலின் தருகிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டைப் போட்டுக் குதிக்கிறார்களே தவிர, உலகச் சாம்பியன்கள்கூட ஒரே மேட்டில் இருவராக ஏறுவதில்லை.

நாம்தான் இதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறோம். சர்க்கஸில் பார் விளையாடுகிறவர்கள் கீழே கட்டிய வலையில் விழுந்து எம்புவதைப் பார்த்து, ஜார்ஜ் நிசென் என்ற அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் தன் பயிற்சியாளர் லாரி கிரிஸ்வோல்டோடு சேர்ந்து 1930-களில் செய்த பயிற்சிக் கருவி இது. முதல் உலகச் சாம்பியன் போட்டி 1964-ல் லண்டனில் நடந்தது, ஒலிம்பிக்கில் சேர்ந்தது 2000-ல் சிட்னியில். கருவி என்றால் அதைக் கற்றுக்கொண்டுதானே தொட வேண்டும்?

அதனால் மகளை வகுப்பில் சேர்த்தோம். முதல் மூன்று வாரம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நிற்பதற்கு மட்டும். பயிற்சியாளர் "நில்" என்றதும், கால் மேட்டைத் தொடும் நொடியில் முழங்காலை மடக்கி, எம்பலை உள்வாங்கி அப்படியே நின்றுவிட வேண்டும். கண் காலைப் பார்க்கக் கூடாது, எதிரே சட்டத்தின் விளிம்பைப் பார்க்க வேண்டும். நடுவில் போட்ட சிலுவைக் குறியிலேயே இறங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து இறங்குவது. அதிலும் கைவிரல்கள் பாதத்தின் பக்கம் பார்த்திருக்க வேண்டும், பின்பக்கம் திருப்பி ஊன்றினால் முழங்கைக்கு ஆபத்து. இரண்டு மாதமாக வீட்டில் குதித்தவளுக்கு இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது பத்து தாவல்களை இடையில் ஒரு வெற்றுக் குதியும் இல்லாமல் கோத்துச் செய்கிறாள். போட்டியிலும் பத்துதான். கடினம், நேர்த்தி, நடுவை விட்டு எவ்வளவு விலகினார்கள், காற்றில் எத்தனை நொடி இருந்தார்கள் என்று நான்கையும் அளந்து மதிப்பெண் போடுகிறார்கள். அவள் ஒலிம்பிக் போக வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசை இல்லை. "நில்" என்றதும் அவள் நிற்கிறாளே, அதைப் பார்த்தால் போதும், நெஞ்சு நிறைகிறது. வீட்டில் குட்டிக்கரணம் மட்டும் கிடையாது. வகுப்பில் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது செய்யட்டும். கழுத்து விஷயத்தில் நான் யாரோடும் பேரம் பேசத் தயாரில்லை.

இனி வாங்குவது பற்றி. வலை, ஸ்பிரிங்குகளுக்கு உட்பக்கம் மேட்டின் ஓரத்திலேயே இணைந்திருக்கிற மாதிரி பாருங்கள். வெளிப்பக்கம் கட்டியிருந்தால் பிள்ளைகள் ஸ்பிரிங் மேலேயே போய் விழுவார்கள். ஸ்பிரிங் நீளமாக இருந்தால் எம்பல் மிருதுவாக இருக்கும். ஸ்பிரிங்கே இல்லாமல், மேட்டுக்குக் கீழே கண்ணாடியிழைக் கம்பிகள் வைத்த வகையும் உண்டு, நியூசிலாந்தில் கெய்த் அலெக்சாண்டர் என்ற பொறியாளர் உருவாக்கியது. விரல் மாட்டிக்கொள்ளும் பயம் அதில் இல்லை. ஆனால் சேர்ந்து குதித்தால் அதிலும் இதே கதைதான். சட்டம் துத்தநாகப் பூச்சு போட்டதாக இருக்கட்டும், வெறும் பெயின்ட் அடித்தது மூட்டுகளில் சீக்கிரம் துருப்பிடிக்கும். நான்கு பக்கமும் சுவர், மரம், வேலி எதுவும் இல்லாமல் இரண்டரை மீட்டர் விடுங்கள். தலைக்கு மேலே கிளையோ கம்பியோ வேண்டாம். காற்று பலமாக அடித்தால் வலையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடும், அதனால் தரையில் முளையடித்துக் கட்டிவிடுங்கள். பூட்டும்போது ஸ்பிரிங்குகளை வரிசையாக மாட்டாமல் எதிரெதிராக மாட்டுங்கள். ஒரே பக்கமாக மாட்டிக்கொண்டே போனால் கடைசி ஸ்பிரிங்குகளை இழுத்து மாட்டவே முடியாது. எங்களுக்கு அரை நாள் அதில்தான் போனது.

வாங்குவதற்கு முன் மற்றவர்கள் எழுதிய மதிப்புரைகளைப் படிப்பீர்கள். பெட்டி வந்த அன்றே எழுதியதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரு வருடம் வெயிலில் கிடந்த பிறகு எழுதியதைத் தேடிப் படியுங்கள். வெயில்தான் வலையையும் மேட்டின் தையலையும் தின்கிறது. மாதம் ஒருமுறை தையலை விரலால் இழுத்துப் பார்ப்பேன். இந்த ஆண்டு பஞ்சு மெத்தையை மாற்றிவிட்டேன்.

சேர்ந்து விளையாடுவது எப்படி என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஒருவர் மேலே, மற்றவர்கள் வெளியே நின்று எண்ணுவோம். ஐம்பது ஆனதும் "நில்". நின்றால்தான் அடுத்த முறை வாய்ப்பு. இதுவே இப்போது பெரிய விளையாட்டு. என் கணவர் ஐம்பது முடிவதற்குள் மூச்சு வாங்கி இறங்கிவிடுவார், நானும்தான்.

சின்னவனின் கால் ஒரு பக்கமாக வளைகிறதா என்று ஒரு வருடம் பார்த்துவரச் சொன்னார் மருத்துவர், இந்த இடத்தில் விரிசல் விட்டால் சிலருக்கு அப்படி ஆகுமாம். நேராகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆறு வயது வரை அவனை ஏற்றவில்லை. அவனாக ஏறிவிடக் கூடாது என்று, அக்கா குதித்து முடித்ததும் ஏணியைக் கழற்றி அறைக்குள் பூட்டிவிடுவேன். போன மாதம் அவனுக்கு ஆறு முடிந்தது. காலையில் எழுந்து வந்து சாவியைக் கேட்டான். ஏணியை அவனே தூக்கிக்கொண்டு போய் மாட்டினான்.