பாதிக்கப்பட்டவர்களில் பலர் ஏன் போலீசில் புகார் கொடுப்பதில்லை?

வன்முறைக் குற்றங்களில் பாதிக்கு மேல் போலீசுக்குப் போவதில்லை என்றே அமெரிக்கா 1973 முதல் குடும்பங்களிடம் கேட்டு எடுத்துவரும் ஆய்வு பெரும்பாலான ஆண்டுகளில் காட்டியிருக்கிறது. வாகனத் திருட்டோ பெரும்பாலும் புகாராகிவிடுகிறது. காப்பீட்டுப் பணத்துக்குப் புகார் வேண்டுமே!

பாலியல் வன்முறையில் குற்றவாளி பெரும்பாலும் தெரிந்தவர்: உறவினர், துணை, மேலதிகாரி. காட்டிக்கொடுத்தால் வீடும் வேலையும் ஆட்டம் காணும். பழிவாங்கலுக்கும் பயம். இவற்றைவிட ஆழமானது, தன்மீதே போட்டுக்கொள்ளும் பழி. ‘அங்கே ஏன் போனேன்?’ என்று ஏற்கெனவே மனதுக்குள் குமைபவரிடம் விசாரிப்பவரும் அதையே கேட்டால், அடுத்த வார்த்தை வராது. முதல் முறை யாரிடம் சொல்கிறார், அவர் எப்படிக் கேட்கிறார் என்பதே பல நேரம் முடிவைத் தீர்மானிக்கிறது.

பாதிக்கப்பட்ட ஆண்கள் கேலிக்கு அஞ்சி மறைக்கிறார்கள். மோசடியில் ஏமாந்தவர்களும் அப்படித்தான். படித்தவர்களுக்கு வெட்கம் இன்னும் அதிகம் என்பேன்.