மனைவி முதுகைக் காட்டிப் படுத்தால் என்ன அர்த்தம்?

கேள்வி: எனக்கு 32 வயது. பெற்றோர் பேசிச் செய்த திருமணம். பத்து மாதங்கள் ஆகின்றன. கொக்குவிலில் மனைவியின் பெற்றோருடன் ஒரே வீட்டில் இருக்கிறோம். மனைவி வன்னியில் வளர்ந்தவர், போர் முடியும்போது அவருக்கு 11 வயது. பகலில் என்னோடு நன்றாகக் கதைப்பார், சிரிப்பார். இரவில் அணைத்துக்கொண்டு படுத்தால் சற்று நேரத்தில் என் கையை இரண்டு தரம் தட்டிவிட்டு மறுபக்கம் திரும்பிவிடுகிறார். நித்திரையில் பின்னாலிருந்து அணைத்தால் திடுக்கிட்டு எழும்புகிறார். படுத்தவுடன் சில்லென்ற பாதத்தைக் கொண்டுவந்து என் காலில் வைப்பார். குளிர் தாங்காமல் நான் காலை இழுத்துக்கொள்வேன். முதுகைக் காட்டினால் விருப்பமில்லை, நெற்றியில் கொஞ்சினால் மரியாதை, இடுப்பில் கை வைத்தால் ஆசை என்றெல்லாம் கைத்தொலைபேசியில் காணொளிகள் வருகின்றன. என் மனைவியின் தொடுகைக்கு என்னதான் அர்த்தம்?

பதில்: தம்பி, முதலில் அந்தக் காணொளிகளைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். தொடுகைக்கு அகராதி எழுத எவராலும் முடியாது. நெடுநாள் கழித்து வந்த பேரப்பிள்ளையின் கன்னத்தை இரண்டு கைகளாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிக்கும் அம்மம்மாவை நம் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். வேறு நாட்டவர் பார்த்தால் என்ன நினைப்பார்? கணவன் மனைவிக்குள் இது இன்னும் குறுகிய வட்டம். உங்கள் இருவருக்கு மட்டுமே விளங்கும் தொடுகைகள் வர வேண்டும், பத்து மாதத்தில் அவற்றில் பாதிகூடப் பிறந்திருக்காது. திருமணத்துக்கு முன்னர் கைகூடப் பிடித்துப் பழகாத இரண்டு பேர் நீங்கள். அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

அர்த்தத்தை அகராதியில் தேட முடியாவிட்டாலும், தொடுகையை உடல் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பது ஓரளவு தெரிந்த விடயம். நம் தோலில், முடி முளைக்கும் பகுதிகளில், மென்மையான வருடலுக்கென்றே தனி நரம்பு நார்கள் இருக்கின்றன. மனிதரில் இவற்றை விரிவாக ஆராய்ந்தவர்கள் 1990களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள். என்ன பட்டது, எங்கே பட்டது என்று சொல்லும் நரம்புகள் மின்னல் வேகத்தில் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகின்றன. இந்த நார்களோ செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் என்று ஆறுதலாகவே போகின்றன; போய்ச் சேரும் இடமும் வேறு, உணர்ச்சியோடு தொடர்புள்ள பகுதி. செக்கனுக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வேகத்தில், தோலின் சூட்டோடு ஒத்த, அதாவது 32 பாகை செல்சியஸ் அளவான கை வருடும்போதுதான் இவை நன்றாக விழிக்கின்றன. உங்கள் மனைவியின் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வருட எட்டு செக்கன் எடுத்துக்கொள்ளுங்கள். நினைப்பதைவிட அது மிக மெதுவானது, ஒரு தடவை செய்து பாருங்கள். வேலையால் வந்த அலுப்பில் கரகரவென்று தேய்ப்பதை அந்த நார்கள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஒரே இடத்தை நிறுத்தாமல் வருடிக்கொண்டே இருந்தாலும் இதம் எரிச்சலாக மாறிவிடும். கையை அசைக்காமல் வைத்திருப்பதும் தொடுகைதான்.

இனி அந்த முதுகு. நித்திரைக்குப் போகும்போது உடலின் உட்சூடு சிறிது இறங்க வேண்டும். கை கால்களின் தோல் வழியாக உடல் அந்தச் சூட்டை வெளியே விடுகிறது. சித்திரை, வைகாசி இரவுகளில் யாழ்ப்பாணத்தில் மின்விசிறியைச் சுழலவிட்டும் தலையணை நனைகிறது. அந்த வெக்கையில் இன்னொரு உடல் ஒட்டிக்கொண்டு கிடந்தால் எவருக்கும் நித்திரை வராது. கால் மணித்தியாலம் அணைத்திருந்துவிட்டு விலகிப் படுப்பவர் பெரும்பாலும் நித்திரைக்குத்தான் போகிறார், உங்களைவிட்டுப் போகவில்லை. முதுகைக் காட்டிப் படுத்தாலும் அந்த முதுகு உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறதா, கட்டிலின் விளிம்புவரை போய்விடுகிறதா என்று கவனியுங்கள். நம்பிக்கையில்லாத ஒருவர் பக்கம் முதுகைக் கொடுத்துப் படுக்க மனிதர் எளிதில் துணிவதில்லை.

அந்த இரண்டு தட்டும் அநேகமாக அப்படித்தான். யாரையாவது கட்டித்தழுவி விடும்போது முதுகில் தட்டிவிட்டு விலகுகிறோம் அல்லவா? அணைப்பு முடிகிறது என்பதைக் கோபமின்றிச் சொல்லும் வழி அது. ஒன்றும் சொல்லாமல் உங்கள் கையை எடுத்து அப்பால் போட்டிருந்தால் நானும் கவலைப்பட்டிருப்பேன். தட்டிவிட்டுத் திரும்புகிற பிள்ளை உங்களுக்கு மனம் நோகக்கூடாது என்று பார்க்கிறது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் நான் கேட்டாக வேண்டும். கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் அணைத்த இரவுகளில், உடலுறவு வேண்டும் என்ற கேள்வி உள்ளே இல்லாத அணைப்பு எத்தனை? உளவளத்துணைக்கு வரும் இளம் தம்பதியரிடம் நான் மிக அதிகமாகக் காணும் சிக்கல் இதுதான், நாணம் காரணமாக மிகக் குறைவாகக் கதைக்கப்படுவதும் இதுதான். கை தோளில் விழுந்தவுடன் அது எங்கே போய் முடியும் என்று மனைவிக்குத் தெரிந்துவிட்டால், அன்று அவருக்கு உடல் இயலாவிட்டால், அல்லது மனம் இல்லாவிட்டால், தோளில் விழும் கையையே அவர் தவிர்க்கத் தொடங்குவார். விரும்பாதது உடலுறவை; இழப்பதோ அணைப்பையும் சேர்த்து. கணவருக்கு அது வெறுப்பாகத் தெரிகிறது, அவர் இன்னும் இறுக்கி அணைக்கிறார், மனைவி இன்னும் விலகுகிறார். உங்கள் வீட்டில் இன்னொன்றும் இருக்கிறது. பக்கத்து அறையில் அவருடைய அப்பா, அம்மா. அம்மாவின் இருமல் உங்களுக்குக் கேட்கிறது என்றால் உங்கள் அறையின் சத்தமும் அங்கே கேட்கும் என்று மகள் நினைப்பாள். நம் ஊரில் மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து இருப்பது வழக்கம். அது பெண்ணுக்குப் பெரிய பாதுகாப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தான் பிள்ளையாக வளர்ந்த தாய் தகப்பனுக்குச் சுவரொன்று அப்பால் மனைவியாகவும் இருப்பது பல பெண்களுக்குக் கூச்சம். மாதத்தில் ஒரு நாளாவது இருவர் மட்டும் எங்காவது போய்த் தங்கிவிட்டு வர முடியுமா என்று பாருங்கள்.

1970ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் தம்பதியருக்கு ஒரு பயிற்சி வகுத்தார்கள். இன்றும் அதைப் பயன்படுத்துகிறோம். முதல் சில நாட்களுக்கு உடலுறவு கூடாது என்று இருவரும் பேசி முடிவெடுத்துக்கொள்ள வேண்டும். மார்பையும் பிறப்புறுப்பையும் விட்டு, கை, முதுகு, தலைமுடி, பாதம் என்று ஒருவர் தொட மற்றவர் எது இதம், எது இதமில்லை என்று சொல்ல வேண்டும். பிறகு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் உடல் காவல் காப்பதை நிறுத்துகிறது. உங்களுக்கு நான் சொல்வது அதன் எளிய வடிவம்: இரண்டு வாரங்களுக்கு "இன்றைக்கு இப்படிக் கிடந்தால் போதும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அணையுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். நள்ளிரவில் மனம் மாறினாலும் காப்பாற்றுங்கள், ஒரு தடவை தவறினால் அடுத்த தடவை அந்தச் சொல்லை அவர் நம்பமாட்டார். திருமணம் ஆகிவிட்டதால் மனைவியின் உடலுக்கு எப்போதும் சம்மதம் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு தடவையும் அவருக்கு விருப்பமா என்று அறிந்துகொள்வது கணவரின் கடமை.

நித்திரையில் திடுக்கிடுவது வேறு விடயம், இதை மேலே சொன்னதோடு கலக்காதீர்கள். உறங்கும் எவரையும் பின்னாலிருந்து திடீரென்று பிடித்தால் பதறுவார். அதற்கு மேல், 2009இல் 11 வயதுப் பிள்ளையாக வன்னியில் இருந்தவர் உங்கள் மனைவி. இரவில் தட்டி எழுப்பிப் பதுங்குகுழிக்கு இழுத்துக்கொண்டு ஓடும் கைகளை அவருடைய உடல் அறிந்திருக்கலாம். மனம் மறந்தாலும் உடல் அதை வைத்திருக்கும். அவர் பதறுவது உங்களைக் கண்டு அன்று, எந்தக் கை என்று தெரியாமல். ஆகவே நித்திரையில் தொட வேண்டியிருந்தால் முதலில் மெல்லப் பெயரைச் சொல்லுங்கள், உங்கள் குரல் காதில் விழட்டும், பிறகு தோளில் கையை வையுங்கள். அன்று என்ன நடந்தது என்று துருவிக் கேட்காதீர்கள். அவராகக் கதைத்தால் இருந்து கேளுங்கள். கெட்ட கனவுகள், தொடர்ந்து நித்திரையின்மை, பகலிலும் பதற்றம் என்று இருந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு இருவரும் சேர்ந்து போங்கள். பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்: மனைவியின் தலையை உங்கள் மேற்கையில் வைத்து இரவு முழுவதும் கிடக்காதீர்கள். கை நரம்பு அழுந்தி, விடிய மணிக்கட்டைத் தூக்க முடியாமல் தொங்கிப்போகும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும் என்றாலும் பயந்துபோவீர்கள். மருத்துவர்கள் இந்த வாதத்துக்குத் தேனிலவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அணைப்பினால் உண்மையில் என்ன பயன் என்று நினைக்கிறீர்களோ தெரியாது. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மணமான 16 பெண்களை மூளைப்படம் எடுக்கும் இயந்திரத்தில் படுக்கவைத்து, சிறிய மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரித்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையில் அச்சத்தின் அடையாளங்கள் குறைந்தன. முன்பின் தெரியாதவரின் கை அவ்வளவு ஆறுதல் தரவில்லை. தன் திருமணம் நல்லதென்று சொன்ன பெண்களிடம் கணவரின் கைக்கு இன்னும் அதிக வலு இருந்தது. பிடித்த விதம் ஒன்றுதான், யாருடைய கை என்பதில்தான் வித்தியாசம்.

உங்கள் கடிதத்தை மூன்றாவது தடவை வாசித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அணைப்பது நீங்கள், பின்னாலிருந்து கைபோடுவது நீங்கள். அவராகவே தொடங்கும் தொடுகை என்று நீங்கள் எழுதியிருப்பது ஒன்றே ஒன்று: அந்தக் குளிர்ந்த பாதம். பெண்களுக்குக் கை கால் ஆண்களைவிடக் குளிர்ந்திருப்பது சாதாரணம். மார்கழி, தை மாதங்களில் இன்னும் கூடும். ஒவ்வொரு இரவும் அவர் உங்களிடம் சூடு தேடி வருகிறார், நீங்கள் காலை இழுத்துக்கொள்கிறீர்கள். பத்து மாதங்களாக நீங்கள் கேட்கும் கேள்விக்கு அவர் அங்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. இன்றிரவு அந்தப் பாதம் வந்தால் காலை இழுக்காதீர்கள். மற்றப் பாதத்தையும் அதன் மேல் வைத்து, சூடு ஏறும்வரை அப்படியே படுத்திருங்கள். கையை எங்கும் கொண்டுபோக வேண்டாம். அதன் பிறகு அவர் முதுகைக் காட்டித் திரும்பினால் திரும்பட்டும்.