கிணறு உவர்த்தால் ஆழம் கூட்டாதீர்கள்

“யாழ்ப்பாணத்தில் சங்கானைப் பக்கம் ஆறு பரப்பில் வெங்காயம் செய்கிறோம். மாமனார் வெட்டுவித்த கிணறு, 22 அடி. மூன்று கோடையாக ஆடி பிறந்தால் தண்ணீர் உவர்க்கிறது, வெங்காயத் தாள் நுனி கருகுகிறது. குழாய்க்கிணறு அடிக்கிற ஒருவர் வந்து பார்த்தார். 120 அடிக்குப் போனால் நல்லதண்ணி நிச்சயம் என்கிறார். கனடாவில் இருக்கிற தம்பி காசு அனுப்ப ஆயத்தம். அடிக்கலாமா?” என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

அடிக்க வேண்டாம். 120 அடியும் வேண்டாம், 60 அடியும் வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் ஆறு ஓடவில்லை. மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றுதான் வலிகாமத்தில் இருக்கிறது. நாம் குடிப்பதும் இறைப்பதும் மாரியில் பெய்து சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர். அது கீழே இருக்கிற கடல் தண்ணீரின் மேல், பாலில் ஆடை கிடப்பதுபோலக் கிடக்கிறது. உப்புத் தண்ணீர் பாரம் கூடியது, நல்லதண்ணி பாரம் குறைந்தது. அதனால் கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்லதண்ணி இருக்கும். இதுதான் கணக்கு. இதையே திருப்பிப் பாருங்கள்: நீங்கள் இறைத்து நீர்மட்டத்தை ஓரடி நிரந்தரமாக இறக்கினால், கீழே உப்பு 40 அடி மேலே ஏறப் பார்க்கும். ஆடியில் உங்கள் கிணறு உவர்ப்பது ஆழம் போதாததால் அல்ல, கீழிருந்து உப்பு ஏறி வருவதால். 120 அடிக்குக் குழாய் இறக்குவது அந்த உப்புக்கு நேராகக் கதவு திறந்துவிடுகிற வேலை.

நம்பாதவர்கள் நிலாவரைக்குப் போய்ப் பார்க்கலாம். அந்த வற்றாத கிணற்றில் மேலே நல்லதண்ணி, ஆழத்துக்குப் போகப் போக உவர். இவ்வளவு கண்முன்னே இருந்தும் “ஆழம் கூடினால் இனிக்கும்” என்று எங்கள் சனத்துக்குச் சொல்லி விற்கிறார்கள்.

விற்கிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். குழாய்க்கிணறு அடிக்கிறவருக்குக் கூலி அடிக்கணக்கில். ஆழம் கூடக்கூட அவருக்கு லாபம், உப்பு வந்தால் நட்டம் உங்களுக்கு. பெரும்பாலும் தையில் வந்து அடிப்பார்கள், ஏனென்றால் மாரி முடிந்த கையோடு எந்தக் கிணறும் இனிக்கும். முதல் தண்ணீரை ஒரு கிளாசில் பிடித்துக் குடிக்கத் தருவார்கள். நீங்களும் குடித்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுப்பீர்கள். ஆவணியில் தொலைபேசி எடுத்தால் “மோட்டர் பிழை” என்பார்கள். அடுத்த கிழமை இன்னொருவர் உவர்நீக்கும் இயந்திரத்தோடு வருவார். அது இறைத்த தண்ணீரில் ஒரு பங்கைத்தான் நல்லதாக்கித் தரும். மிச்சம் முன்னையிலும் உப்பாக வெளியே வரும், அதை உங்கள் வளவிலேயே ஊற்றிவிட்டுப் போவார்கள். “உத்தரவாதம்” என்கிறவரிடம், ஆவணித் தண்ணீரின் உப்பு அளவை எண்ணாக எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்படி எழுதித் தந்த ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

இதை யார் தடுப்பது என்று கேட்டால் ஒரு கந்தோர் இன்னொரு கந்தோரைக் கைகாட்டும். அந்தக் கந்தோரில் “இது எங்கள் பிரிவில்லை” என்பார்கள். அதற்குள் ஒழுங்கையில் நாலு குழாய் இறங்கிவிடும். சுண்ணாம்புக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும் என்பதால் பக்கத்து வளவுக்காரர் ஏற்றிவிட்ட உப்பு உங்கள் கிணற்றுக்கும் வரும். பொறியியலாளர் ஆறுமுகம் கடல்நீரேரிகளை நன்னீராக்க ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று திட்டம் சொல்லி எழுபது வருசத்துக்கு மேலாகிறது, இன்னும் அது முழுசாக நிறைவேறவில்லை. 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள். அது குடிதண்ணீருக்கு, வெங்காயத்துக்கு அல்ல.

இனி நீங்கள் செய்யக்கூடியது. முதலில் அளந்து பாருங்கள். தையில் ஒரு போத்தல், ஆவணியில் ஒரு போத்தல், இரண்டு முறையும் மேல்தண்ணீர் வேறாக அடித்தண்ணீர் வேறாக எடுத்து, நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் மின்கடத்துதிறன் பார்க்கச் சொல்லுங்கள், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அதுதான் காட்டும். வெங்காயம் உப்புத் தாங்காத பயிர். அந்த அளவு சென்ரிமீற்றருக்கு 800 மைக்ரோ சீமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும், 2,900 அளவில் பாதியாகிவிடும். பீற்றூட் 2,700 வரை தாக்குப்பிடிக்கும், கோடைப் போகத்துக்கு அதை யோசிக்கலாம். அதே தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்றால் நைத்திரேற்றும் பார்ப்பியுங்கள். மலசலகூடக் குழியும் அள்ளிப்போடுகிற யூரியாவும் அதைக் கூட்டும், கொதிக்கவைத்தால் அது போகாது.

அடுத்தது இறைப்பு. உறிஞ்சுகுழாயின் வாயைக் கிணற்றின் அடியில் வைக்காதீர்கள். நீர்மட்டத்துக்குக் கீழே மூன்றடி போதும், மிதவையில் கட்டிவிட்டால் தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும். சின்ன மோட்டர் போடுங்கள். ஒரே மூச்சில் இறைத்து முடிக்காமல் காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று பிரியுங்கள். வாய்க்காலில் பாய்ச்சுவதை விட்டுத் தூவல் முறைக்கு மாறினால் இறைக்கிற தண்ணீர் நன்றாகக் குறையும். தம்பியின் காசு அதற்குப் போகட்டும்.

“அப்படியென்றால் கிணற்றுக்குள் இறங்கவே கூடாதா?” என்றால், ஒன்று செய்யலாம்: தூர்வாரல். பழைய கிணறுகளின் அடியில் இடிந்த கட்டுக்கல், சேறு, பிளாஸ்ரிக் எல்லாம் கிடந்து ஊற்றுக்கண்ணை அடைத்திருக்கும். அதை அள்ளலாம், அள்ளவும் வேண்டும். ஆனால் மாமனார் வெட்டுவித்த அடிவரைக்கும்தான். அந்த அடி எது என்று எப்படித் தெரியும்? சுவர்க் கல்லில் அலவாங்கு கொத்திய தழும்பு எதுவரை போகிறதென்று பாருங்கள். தழும்பு முடிகிற இடத்தில் பாறை படுக்கையாக வந்தால் அதுதான் அடி. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் எத்தனை முழம் என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்கும், கேளுங்கள். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் வற்றி இருக்கும்போது செய்யுங்கள். கூலிக்கு வந்தவர் “வந்த கையோடு இன்னும் ரெண்டு முழம் கொத்திவிடுவம் அக்கா” என்பார். விடாதீர்கள். ஏற்கெனவே யாரோ கொத்திக் கூட்டியிருந்தால், அந்தக் குழியைக் கல்லும் களியும் போட்டு இறுக்கி மூடுங்கள். இன்னொன்று, எண்ணெயில் ஓடும் பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டு ஆளை இறக்கவே கூடாது. அந்தப் புகை கிணற்றுக்குள் ஆளைக் கொல்லும்.

கடைசியாக மழை. ஐப்பசி முதல் மார்கழி வரை விழுவதுதான் எங்கள் வருசத் தண்ணீரில் பெரும்பங்கு. முன்பு அது குளத்தில் நின்று, மெல்ல ஊறிக் கல்லுக்குள் போகும். இப்போது குளத்தை நிரவி வீடு கட்டி, ஒழுங்கைக்கெல்லாம் சீமெந்து வாய்க்கால் போட்டு வெள்ளத்தைக் கடலுக்கு அனுப்புகிறோம். கடல் மட்டமும் உயர்ந்து வருகிற காலத்தில், மேலே இருந்து அமுக்குகிற நல்லதண்ணியை நாங்களே குறைத்துக்கொள்கிறோம். உங்கள் ஆறு பரப்புக்கும் புரட்டாதி முடியமுன் வரம்பை ஓரடி உயர்த்திக் கட்டுங்கள். தாழ்ந்த மூலையில் ஒரு குழி எடுத்து, மதகுப் பக்கம் போகிற தண்ணீரை அதற்குள் திருப்புங்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எட்ட, உரம் போட்ட பாத்திக்கும் எட்ட அந்தக் குழி இருக்கவேண்டும். பக்கத்து வளவுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள், அவரும் குழாய் அடிக்க விலை கேட்டிருப்பார்.